நாற்பத்தொன்றாவது குழந்தை

இருநூறு குழந்தைகளில் நாற்பது பேர் வரை அந்தப் பாட்டிலைத் திறந்துவிட்டாலும் மூடி பாஸ். நாற்பத்தொன்றாவது குழந்தை திறந்தால் ஃபெயில். கடைசி நாள் காலை பத்தரை மணி, இன்னும் ஆறே குழந்தைகள் பாக்கி, என் தாளில் முப்பத்தெட்டு கோடுகள்! என்னால் உட்காரவே முடியவில்லை. ஆனால் உட்கார்ந்தே ஆக வேண்டும், அதுதான் விதி.

விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருடம் புதுச் சட்டம் வந்தது. எலக்ட்ரானிக் சிகரெட்டில் ஊற்றுகிற நிகோட்டின் திரவத்தைக் குழந்தைகளால் திறக்க முடியாத மூடி போட்ட பாட்டிலில்தான் விற்கலாம். திறக்க முடியாது என்று கம்பெனி சத்தியம் செய்தால் போதாது, குழந்தைகளிடமே கொடுத்துப் பார்க்க வேண்டும். அரசாங்கத்தில் அந்த வேலை பார்ப்பவள் நான். மூன்றரை வயதிலிருந்து நாலேகால் வயது வரை உள்ள பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகப் பாலர் பள்ளியில் தரையில் பாய் விரித்து உட்காரவைத்து, ஆளுக்கொரு பாட்டில் கொடுப்பேன். உள்ளே வெறும் தண்ணீர். ஐந்து நிமிடம். முடியாவிட்டால் நான் ஒரு முறை திறந்து காட்டுவேன், பிறகு இன்னொரு ஐந்து நிமிடம். குழந்தை திறந்த நொடியில் பாட்டிலை வாங்கிவிட்டு, அப்புறம்தான் தாளில் கோடு போட வேண்டும்.

இதில் கொடுமை என்னவென்றால், நான் நான்கே நான்கு வாக்கியங்கள்தான் பேசலாம். "இந்தப் பாட்டிலைத் திறந்து காட்டு." "நான் எப்படித் திறக்கிறேன்னு பாரு." "இப்ப நீ பண்ணு." "பல்லால வேணும்னாலும் கடிக்கலாம்." அவ்வளவுதான். சிரிக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது, சபாஷ் போடக் கூடாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் இறங்குவதற்குள் அவர் மாமியாரின் முழங்கால் வலி வரை விசாரித்துவிடுகிற ஆள் நான். என்னைப் பிடித்து இந்த வேலையில் போட்ட புண்ணியவான் யாரோ!

குழந்தைகளின் பெயரையும் எழுதக் கூடாது, எண் மட்டும்தான். அதனால் நானே மனதுக்குள் பட்டப்பெயர் வைத்துக்கொள்வேன். அதற்கு விதி ஒன்றும் இல்லை.

இந்த மூடி ஃபெயிலாக வேண்டும் என்று நான் கிடந்து துடித்ததற்குக் காரணம் உண்டு. போன வருடம் என் தம்பி மகள், எங்கள் வீட்டுக் குட்டி, இதே மாதிரி அமுக்கித் திருகுகிற மூடி போட்ட பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டாள். வேறு கம்பெனி பாட்டில். மாம்பழ வாசனை. தம்பி அடுப்பை அணைக்கத் திரும்பினானாம், அவ்வளவுதான் நேரம். இரண்டு நாள் மூக்கில் குழாயோடு கிடந்தாள். பிழைத்துவிட்டாள், இப்போது வீட்டையே தலைகீழாக்குகிறாள். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பியிடம், "கண்ணு எங்கடா போச்சு உனக்கு?" என்று கேட்டதோடு சரி, அதற்குப் பிறகு அவனிடம் முகம் கொடுத்துப் பேச எனக்கு மனசு வரவில்லை.

இதையெல்லாம் மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொன்னேன். "குழந்தைங்க மேல பாசமே இல்லாத ஆளை நான் எங்கம்மா போய்த் தேடுவேன்? பேப்பர்ல இருக்கிறதைப் பேசு, நடந்ததை எழுது. போதும்" என்றார்.

எனக்குப் பின்னால், தரையில் ஒட்டிய வெள்ளை டேப்புக்கு அந்தப் பக்கம், மூடிக்காரர் உட்கார்ந்திருந்தார். கம்பெனி சார்பில் ஓர் ஆள் பார்க்கலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. நேரம் முடிவதற்குள் பார்வையாளர் குறுக்கிட்டால் அந்த ஜோடியைச் செல்லாது என்று சொல்லி, கம்பெனி வேறு இரண்டு குழந்தைகளைக் கேட்கலாம். இவர்தான் இந்த மூடியை வடிவமைத்த எஞ்சினியர். மூன்று வருட உழைப்பு. வாரிக்கொள்ளாத தலை, கையில் ஒரு பேனா, மடியில் ஒரு தாள். அவரும் என்னைப் போலவே கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கோட்டுக்கும் என் முகம் மலரப் பார்க்கும், நான் அடக்குவேன். அவர் முகம் சுண்டிப்போகும், அவர் அதை அடக்கவில்லை.

நூற்றுத் தொண்ணூற்றைந்தும் தொண்ணூற்றாறும் வந்து உட்கார்ந்தார்கள். தொண்ணூற்றைந்து பாட்டிலைக் காதருகே வைத்து ஆட்டிவிட்டு, "மிஸ், இது ரிப்பேர்" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தான். தொண்ணூற்றாறுக்கு நான் பல்வரிசை என்று பெயர் வைத்தேன். நாலாவது வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததுதான் தாமதம், மூடியைக் கடைவாயில் வைத்துக் கரும்பு மாதிரி ஒரு கடி! மூடி சுற்றிக்கொண்டு வந்துவிட்டது. முப்பத்தொன்பது! என் பாதம் மேஜைக்கடியில் தானாகத் தாளம் போட்டது.

அடுத்த ஜோடியில் ஒருத்தன் வக்கீல். பாட்டிலோடு போராட அவனுக்கு விருப்பமே இல்லை. நேராக எழுந்து வெள்ளை டேப்பைத் தாண்டிப் போய் மூடிக்காரர் முன்னால் நின்றான்.

"அங்கிள், தொறந்து குடுங்க."

மூடிக்காரர் கூரையைப் பார்த்தார்.

"அங்கிள், உங்களுக்கும் தெரியாதா?"

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கன்னத்தின் உட்பக்கத்தைக் கடித்துக்கொண்டேன். மூடிக்காரர் ஜன்னலைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார். வக்கீல் விடுவதாக இல்லை, அவர் முழங்காலில் தட்டித் தட்டிக் கேட்டான். இந்தக் கூத்தில் நாங்கள் இருவருமே கவனிக்காமல் இருந்தவள் அவன் ஜோடி, வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாத பெண். என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். ஒரு கையில் பாட்டில், இன்னொரு கையில் மூடி. எப்படித் திறந்தாள், எப்போது திறந்தாள், கடவுளுக்கே வெளிச்சம். பாட்டிலை வாங்கி வைத்தேன், கோடு போட்டேன். நாற்பது!

இன்னும் ஒன்றுதான். மூடிக்காரர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். டீச்சர் கடைசி ஜோடியைக் கை பிடித்துக் கூட்டிவந்தார்.

நூற்றுத் தொண்ணூற்றொன்பது, நீதிபதி. சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாட்டிலை எதிரே வைத்து, கைகட்டிக்கொண்டு அதைப் பார்த்தான். தொடவே இல்லை. இருநூறு, புல்டோசர். வருகிற வழியிலேயே யாரோ கட்டிய இரண்டு மரக்கட்டைக் கோபுரங்களின் மேல் நடந்து வந்தவள். எனக்குப் பார்த்ததும் தெம்பு வந்தது. அடி, என் தங்கமே, நீதான்டி இன்றைக்கு என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

"இந்தப் பாட்டிலைத் திறந்து காட்டு."

திருகினாள். தரையில் அடித்தாள். பாயால் மூடிவைத்து மேலே உட்கார்ந்தாள். விசிறி எறிந்து, ஓடிப்போய் எடுத்துவந்தாள். மூடியைத் திட்டினாள். மூடி அசையவில்லை. சும்மா சொல்லக் கூடாது, நல்ல மூடிதான். நீதிபதி இன்னும் கைகட்டியபடியே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து நிமிடம் முடிந்தது.

"நான் எப்படித் திறக்கிறேன்னு பாரு." அமுக்கித் திருகினேன், திறந்தேன், மூடினேன். "இப்ப நீ பண்ணு. பல்லால வேணும்னாலும் கடிக்கலாம்."

கடித்தாள். பிடிக்கவில்லை, துப்பினாள். அமுக்கினாள், திருகினாள், இரண்டையும் சேர்த்துச் செய்ய அந்தக் குட்டிக் கைக்கு வலு போதவில்லை. ஒரு நிமிடம். இரண்டு. மூன்று. புல்டோசர் பாட்டிலைப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போனாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வந்து உட்காருடி, போகாதேடி என்று கத்த வாய் பரபரத்தது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி இந்தப் பாட்டில் அரசாங்க முத்திரையோடு எல்லாக் கடையிலும் வந்து நிற்கும். எல்லா வீட்டு மேஜையிலும் வந்து நிற்கும். பின்னால் மூடிக்காரர் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தார். நாலு நிமிடம்.

அப்போது நீதிபதி முதல் முறையாக வாயைத் திறந்தான்.

"அதைத் தலைகீழா நிக்க வச்சு, மேல படு."

குழந்தைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம், விதியில் இடமிருக்கிறது. புல்டோசர் திரும்பி வந்தாள். பாட்டிலைத் தலைகீழாகப் பாயில் ஊன்றினாள். தொப்பையை அதன் மேல் வைத்து, இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, மொத்த உடம்போடு ஒரு சுற்று சுற்றினாள். கை வலு போதாத இடத்தில் உடம்பின் எடை அமுக்கியது, பாய் மூடியைப் பிடித்துக்கொண்டது. இருநூறு குழந்தையில் யாருக்கும் தோன்றாத வழி! டக்கென்று ஒரு சத்தம். பாயில் கொஞ்சம் தண்ணீர் சிந்தியது. இன்னும் நாற்பது விநாடி பாக்கி இருந்தது.

நாற்பத்தொன்று! நாற்பத்தொன்று! பேனாவை எடுத்து, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி அந்தக் கோட்டைப் போட்டேன். அதற்குக் கீழே ஓர் அடிக்கோடு. அது போதாது என்று இன்னோர் அடிக்கோடு. ஒரு வருட ஆத்திரம் முழுவதும் அந்தப் பேனா முனையில் இருந்தது. எவ்வளவு சந்தோஷம் என்று என்னால் சொல்ல முடியாது.

"குடிக்காத! குடிக்காதம்மா!"

நிமிர்ந்து பார்த்தேன். மூடிக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு, டேப்பைத் தாண்டி, பாயில் முழங்காலிட்டிருந்தார். புல்டோசரின் வாய் திறந்திருந்தது. அவள் உதட்டுக்கும் பாட்டிலுக்கும் நடுவில் அவருடைய கை இருந்தது. பாட்டிலைப் பிடுங்கித் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

டீச்சர்தான் முதலில் பேசினார். "சார், தண்ணிதானே சார் அது?"

"தெரியும்" என்றார். "நான்தான் ஊத்தினேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதலில் வாங்க வேண்டியது நான். பாட்டிலை வாங்கிவிட்டுத்தான் எழுத வேண்டும். நான்கு நாளாக நாற்பது முறை சரியாகச் செய்தவள், இந்த ஒரு முறை எழுதிக்கொண்டிருந்தேன். அடிக்கோடு போடும் நேரம் எவ்வளவு இருக்கும்? அடுப்பை அணைக்கிற நேரம்தான் இருக்கும். வெட்கத்தில் என் காது சுட்டது. தம்பியை நினைத்தேன். வராந்தாவில் நான் கேட்டதும் சுவர் பக்கம் திரும்பி நின்றானே, அந்த முதுகை நினைத்தேன்.

படிவத்தின் கடைசியில் கம்பெனிக்கு ஒரு கட்டம் உண்டு: ஆட்சேபம். நேரம் முடியும் முன்பே அவர் குறுக்கிட்டிருந்தார். செல்லாது என்று அவர் எழுதினால் வேறு ஜோடியைக் கொண்டுவரச் சொல்லலாம், நாற்பதோடு நின்றுவிடலாம், மூன்று வருட உழைப்பு பிழைத்துக்கொள்ளும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். படிவத்தை நீட்டினேன். அவர் பாட்டிலை இடது கையில் வைத்துக்கொண்டே வலது கையால் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அந்த நாப்பது பேரும் தொறந்தப்ப நான் கோடு போட்டுட்டு இருந்தேன் மேடம்" என்றார்.

"நானும்தான் சார்" என்றேன்.

இதற்குள் புல்டோசருக்குப் பொறுமை போய்விட்டது. "என்னோடது. குடு. தாகமா இருக்கு" என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். நான் வாங்கி டீச்சரிடம் கொடுத்தேன். டீச்சர் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். டம்ளரில் வேறு தண்ணீர் கொண்டுவருகிறேன் என்றார். அவளுக்கு டம்ளர் வேண்டாம், அவள் திறந்த பாட்டில்தான் வேண்டும். நியாயந்தானே, பாடுபட்டவள் அவள். பாயில் விழுந்து புரண்டு, அந்தக் கட்டடமே அதிர அழுதாள். உள்ளே இருந்தது வெறும் தண்ணீர். எங்கள் மூன்று பேருக்கும் அது நன்றாகத் தெரியும். மூன்று பேரும் நின்றோம், யாரும் கொடுக்கவில்லை.