பச்சைப் பெட்டியின் நாலாவது சக்கரம்

"வெள்ளைத் துணி விரிச்ச மேசைன்னு சொன்னீங்க, முழு மீனுன்னு சொன்னீங்க, இப்ப பாத்தா..."

"ஓட்டல் மொத்தத்தையும் கல்யாணக்காரங்க எடுத்துக்கிட்டா நான் என்ன..."

"முந்தாநாளே ஒரு நடை போய்க் கேட்டிருக்கலாம்ல?"

"...நான் என்ன பண்றது? மாப்பிள்ளையத் தூக்கி வெளிய போட்டுட்டு அவன் நாற்காலில உக்காரவா?"

"பேச்சு! பேச்சுக்கு மட்டும் குறைச்சலே இல்ல. இந்தக் கொமேசியப் பாருங்க. இன்னிக்குத்தான் முதல் தடவை உடுத்தினேன். முழங்கால் வரைக்கும் சேறு."

"மோட்டார் சைக்கிள் வழுக்கினது என் தப்பா? நானா ஓட்டினேன்?"

"பாதி தூரம் வண்டி ஓட்டினவனுக்கு வழி சொல்றேன்னு தோளப் பிடிச்சு ஆட்டிக்கிட்டே வந்தது யாரு?"

நியெண்டோ சந்தைக்குப் பின்னால், வீடியோவில் படம் காட்டும் தகரக் கொட்டகையின் தாழ்வாரத்தில் நின்றுகொண்டுதான் இந்தச் சண்டை. சாயங்காலம் ஆறரை. நவம்பர் மழை, தகரத்தில் கல்லெறிகிற மாதிரி விழுந்துகொண்டிருந்தது. சந்தை முக்கில் முடிவெட்டும் கடை வைத்திருக்கிற செம்பத்யாவும் அவன் மனைவி நாந்தேசாவும்தான் அவர்கள். இரட்டைப் பிள்ளைகள் பெற்றவர்களை எங்கள் ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவன் சலோங்கோ, அவள் நலோங்கோ. ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வதும் அப்படித்தான். அன்றைக்கு அவர்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம்.

"பத்து வருஷத்துல ஒரு நாள் வெளிய கூட்டிட்டு வந்தீங்க. அதுவும் சேத்துல."

"பத்து வருஷத்துல ஒரு நாளாவது கோவிச்சுக்கிட்டு உங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கியா? இல்லல்ல? ஏன்? நான் உன்ன வச்சிருக்கற விதம் அப்படி. கடைக்கு வர்ற ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்றேன் இத."

நாந்தேசா இடுப்புக் கச்சையின் நுனியைப் பிழிய ஆரம்பித்தாள்.

"எங்க அம்மாவ எதுக்கு நடுவுல இழுக்கறீங்க? அவங்க முகத்தையாவது ஒரு தடவ நேராப் பாத்திருக்கீங்களா?"

"பாக்கக் கூடாதுன்னு வச்சது நானா? மாமியாரும் மருமகனும் தொட்டுக்கிட்டா கை நடுக்கம் வரும்னு உங்க ஆளுங்களும் சொல்றாங்க, எங்க ஆளுங்களும் சொல்றாங்க. நான் கத்தி பிடிக்கறவன், நலோங்கோ. என் கை நடுங்கினா எவன் என்கிட்ட கழுத்த நீட்டுவான்?"

உள்ளேயிருந்து ஒரு கூட்டச் சிரிப்பு தகரத்தை முட்டிக்கொண்டு வந்தது. செம்பத்யா வாசலில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தான்.

"புருஷனும் பொண்டாட்டியும் வெளிய சாப்பிடப் போய் வம்புல மாட்டிக்கற கதையாம். சிரிப்புப் படம்."

"அத டிக்கெட் வாங்கி வேற பாக்கணுமா?"

சாரல் அதற்குள் அவர்கள் நின்ற இடத்துக்கு வந்துவிட்டது. உள்ளே போனார்கள். கும்மிருட்டு. பெஞ்சுகள் நிரம்பிக் கிடந்தன. "என் பக்கத்துல உக்காராதீங்க" என்று சொல்லிவிட்டு நாந்தேசா இடித்துக்கொண்டே முன் வரிசைக்குப் போய்விட்டாள். செம்பத்யா சுவரைத் தடவிக்கொண்டு கடைசி பெஞ்சில், ஒரு ஆள் இடத்தில் அரை ஆளாக உட்கார்ந்தான்.

படத்தில் வெள்ளைக்காரர்கள் அவர்கள் பாஷையில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அதை யார் கேட்டார்கள்? திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு உட்கார்ந்திருக்கிற வீஜே சொல்வதுதான் கதை. எங்கள் வீஜேவுக்குக் கசுக்கு என்று பேர், கிளி என்று அர்த்தம். திரையில் வாய் அசைந்தால் போதும், அதற்கு நம் ஊர்ப் பேச்சை வைத்துவிடுவான். அந்தப் புருஷனும் பொண்டாட்டியும் ஓட்டல் வாசலில் மாற்றிக் கொடுக்கப்பட்ட சாவியோடு யாருடைய காரிலோ ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். பின்பெட்டிக்குள் ஏதோ உதைத்தது.

"'சலோங்கோ, பின்னாடி என்ன சத்தம்?' 'ஒண்ணுமில்ல நலோங்கோ, உங்க அண்ணன் கிராமத்துலருந்து குடுத்தனுப்பின ஆடு!' ஜனங்களே, அது ஆடில்ல! கையும் காலும் கட்டின ஆளு! ஆட்டுக்கு எங்கயாவது டை கட்டுவாங்களா?"

கொட்டகை குலுங்கியது. செம்பத்யாவுக்குப் பக்கத்தில் இருந்த உருவம் சிரித்த சிரிப்பில் அவன் தொடையில் பளாரென்று ஓர் அறை விழுந்தது.

"பாத்து, ஜாஜா! பெஞ்சு சாஞ்சுடும்."

"பாட்டியா நான்? என் பல்லு அத்தனையும் வாயில இருக்கு, தம்பி. இன்னிக்கு மத்தியானம் ஒண்ணப் பிடுங்கிட்டான், அது ஒண்ணுதான் போச்சு."

பஞ்சடைத்த வாய். சொல் எல்லாம் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல வந்தது. தலையோடு தாடையைச் சேர்த்துச் சால்வையால் கட்டியிருந்தாள். மடியில் ஒரு காகிதப் பொட்டலம்.

"பல்லு பிடுங்கின வாயோட வெட்டுக்கிளியா திங்கறீங்க?"

"இந்தப் பக்கத்துப் பல்லு என்ன பாவம் பண்ணுச்சு? வறுத்த சூடு ஆறல. இந்தா, கைய விடு."

இரண்டு கைகளும் ஒரே பொட்டலத்துக்குள் போய் வந்தன.

"எந்த ஊரும்மா?"

"சதுப்புக்கு அந்தப் பக்கம். மழை பிடிச்சுக்கிச்சு. எங்க அக்கா மக, இங்க உக்காந்திரு சின்னம்மா, விட்டதும் வந்து கூட்டிட்டுப் போறேன்னு போனவதான்."

"உங்களுக்குப் பிள்ளைங்க யாரும் இந்த ஊர்ல இல்லையா?"

"பொண்ணு இருக்கா. அவளும் இந்தப் படத்துக்காரி மாதிரி நலோங்கோதான். ஆனா அவ வீட்டுல எப்படிப் படுக்கறது? மருமகன் படுக்கற கூரைக்குக் கீழ மாமியார் படுக்கலாமா?"

"நானும் சலோங்கோதாம்மா!"

"அடி சக்கை! குடு கைய!"

உள்ளங்கையும் உள்ளங்கையும் இருட்டில் மோதிக்கொண்டன.

"எங்க மாமியாரும் உங்கள மாதிரிதான்" என்றான் செம்பத்யா. "பத்து வருஷம், குரல் கூடக் கேட்டதில்ல."

"கேக்காம இருக்கறவரைக்கும் உனக்கு நல்லது."

இருவரும் சிரித்தார்கள். இவ்வளவு நன்றாக அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று செம்பத்யாவுக்கே ஆச்சரியமாக இருந்தது.

திரையில் அந்த வெள்ளைக்காரி காரை நிறுத்தச் சொல்லி இறங்கி நடக்க ஆரம்பித்தாள். கசுக்கு மைக்கில் மூக்கை உறிஞ்சினான். "'போதும் சலோங்கோ! நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்! உன் சட்டைய நீயே துவைச்சுக்கோ!'"

"எம் பொண்டாட்டி ஒரு நாள் சொன்னதில்லம்மா இப்படி. பத்து வருஷத்துல ஒரு நாள் கூட."

"எல்லாப் புருஷனும் அதத்தான் சொல்றான். எம் மருமகனும் அத ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறானாம்." அவள் ஒரு வெட்டுக்கிளியை நல்ல பக்கத்துப் பல்லுக்குத் தள்ளினாள். "உனக்கு அவனத் தெரியாது, அதனால சொல்றேன். ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை. நான் வாழைக்காய் உரிச்சுக்கிட்டிருக்கேன். நிமிந்து பாத்தா, பெட்டியோட வந்து நிக்கறா."

"ஐயையோ."

"பிள்ளைங்கள எங்கடின்னு கேட்டா, பள்ளிக்கூடத்துலங்கறா. அடிச்சானான்னு கேட்டா, இல்லங்கறா. வேற எவளாவதான்னா, அதுவும் இல்ல. அப்புறம் என்னதாண்டின்னா, என்ன சொன்னா தெரியுமா?"

"என்ன சொன்னா?"

"'நாள் முழுக்க கண்டவன் தலையத் தடவிக்கிட்டுப் பேசறாரும்மா. வீட்டுக்கு வந்தா ரேடியோவத் தடவறாரு. நான் ஒருத்தி இருக்கறது அவருக்கு ஞாபகமே வரல'ன்னு அழறா. முடி வெட்டறவன் அவன்."

பொட்டலத்துக்குள் போயிருந்த செம்பத்யாவின் கை அங்கேயே நின்றது. ஊரில் முடி வெட்டுகிறவர்கள் பதினைந்து பேராவது இருப்பார்கள். அவர்களில் சலோங்கோ இன்னும் யாராவது உண்டா என்று அவன் மனம் ஓடித் தேடியது.

"அவங்க அப்பா தோட்டத்துலருந்து வர்றதுக்குள்ள ஒரு டம்ளர் டீயக் குடுத்தேன். குடி, அஞ்சு மணி வண்டி போயிடும்னேன். ஒரு வார்த்தை பேசாம குடிச்சா. நானே பெட்டிய இழுத்துட்டுப் போய் வண்டி ஏத்தினேன். சதுப்பு சேத்துல அந்தப் பெட்டிச் சக்கரம் ஒண்ணு கழண்டுக்கிச்சு. மறுநாள் போய்த் தோண்டி எடுத்தேன். இன்னிக்கும் என் அடுப்படியில ஆணியில தொங்குது. பாக்கறப்பல்லாம் நெனச்சுக்குவேன், அன்னிக்கு நான் ஒரு வார்த்தை 'இரு'ன்னு சொல்லியிருந்தா..."

"என்ன கலரு?"

"எது?"

"பெட்டி."

"பச்சை. நீ எதுக்குக் கேக்கற?"

திரையில் வெள்ளைக்காரனின் முகம் பாதி வாய் திறந்தபடி அப்படியே நின்றது. வட்டு சிக்கிக்கொண்டது. "பொறுங்க ஜனங்களே, பொறுங்க!" என்று கசுக்கு எழுந்து கயிற்றை இழுக்க, கூரையிலிருந்த குண்டு பல்பு எரிந்தது.

பெண் கேட்டுப் போன நாளில் மாப்பிள்ளை வாய் திறப்பதில்லை. அவனுக்காகப் பேச ஒரு ஆளைக் கூட்டிப்போவது எங்கள் வழக்கம். அன்றைக்கு நாலு மணி நேரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவனை நாந்தேசாவின் அம்மா ஃபெலிஸ்தா தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். அவனும் அவளை, கல்யாணப் படத்தின் ஓரத்தில் விரல் நகம் அளவில் பார்த்திருக்கிறான். அது போதும். ஒரு சாண் இடைவெளியில், ஒரே பொட்டலத்துக்குள் கை விட்டபடி, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

ஃபெலிஸ்தாவிடமிருந்து வந்தது சத்தமா மூச்சா என்று தெரியவில்லை. சால்வையை இழுத்து முகம் முழுவதும் போர்த்திக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். பின்னால் ஒன்றுமில்லை. கால் இரண்டும் மேலே போக, பெஞ்சுக்குப் பின்புறம் போய் விழுந்தாள். தூக்கிவிடக் குனிந்த செம்பத்யா, தொடக்கூடாது என்பது நினைவுக்கு வந்து, இரண்டு கைகளையும் துப்பாக்கி காட்டப்பட்டவன் போலத் தலைக்கு மேல் உயர்த்தினான். பிறகு ஓடினான். வெட்டுக்கிளிகள் எல்லாத் திசையிலும் பறந்தன.

"என்ன சலோங்கோ!" மைக் இன்னும் கசுக்குவின் வாயருகில்தான் இருந்தது. "படத்துல ஓடறவன் அவன்! நீ எங்க ஓடறே?"

முன் வரிசையில் சிரித்துக்கொண்டே திரும்பிய நாந்தேசா, தரையில் கிடந்த சால்வையைப் பார்த்தாள். அந்தச் சால்வையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான்.

கொஞ்ச நேரத்தில் மூவரும் தாழ்வாரத்தில் நின்றார்கள். ஒரு கோடியில் ஃபெலிஸ்தா, தலை மூடி, சுவரைப் பார்த்து. மறு கோடியில் செம்பத்யா, மழையைப் பார்த்து. நடுவில் நாந்தேசா, இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி.

"ஒரே பொட்டலத்துலயா? ரெண்டு பேருமா? தொட்டீங்களா?"

"கை தட்டிக்கிட்டோம்" என்றது சால்வை.

"கடவுளே! கை தட்டினீங்களா! எத்தன தடவ?"

"நான் எண்ணல."

"சலோங்கோ, கையக் காட்டுங்க. நீட்டுங்க." அவன் நீட்டவில்லை. அவளே பிடித்து இழுத்துப் பார்த்தாள். "நடுங்குது! அம்மா, நடுங்குதும்மா! நாளைக்குக் கடை திறக்கணுமே! கசுக்கு வேற மைக்குல சொல்லிட்டானே. கிசெக்காவுல ஒரு பெரியவர் இருக்காரு, இலை குடுப்பாரு, ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்னு கழுவிக்கிட்டா சரியாயிடும்பாங்க. என்னங்க, ஏதாவது பேசுங்களேன்! எப்பவும் பேசறவருதானே!"

செம்பத்யா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது நடுங்கத்தான் செய்தது.

"நலோங்கோ" என்றாள் ஃபெலிஸ்தா சுவரிடம். "உம் புருஷன்கிட்ட சொல்லு. பல்லுக்கு ஊசி போட்டதுல நான் என்னென்னமோ உளறிட்டேன். அது வேற யாரோ பொண்ணு."

"எது வேற யாரோ பொண்ணு?"

சால்வை இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது.

"அம்மா, எது வேற யாரோ பொண்ணு?"

"சக்கரம்" என்றான் செம்பத்யா, மழையைப் பார்த்தபடியே. "பசங்க உடைச்சுட்டாங்கன்னு சொன்னியே. பெரியவன நான் அடிச்சேன். நான் உடைக்கல, நான் உடைக்கலன்னு அழுதான். ரெண்டாவதா ஒரு அடி அடிச்சேன், பொய் சொல்றான்னு."

கச்சையைப் பிழிந்துகொண்டிருந்த நாந்தேசாவின் விரல்கள் நின்றுவிட்டன. அம்மாவின் பக்கம் திரும்பினாள். அம்மா நெற்றியைத் தகரத்தில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே வட்டு மறுபடி ஓட ஆரம்பித்திருந்தது. கசுக்கு ஏதோ சொல்ல, கொட்டகை முழுவதும் சிரித்தது.

செம்பத்யா முதல் முறையாகத் திரும்பினான். மாமியார் அங்கே நிற்பதையும், அவள் இருக்கும் திசையில் பார்க்கக் கூடாது என்பதையும் மறந்துபோய்த் திரும்பினான்.

"நலோங்கோ, அன்னிக்கு உங்க அம்மா அந்த டீயக் குடுத்து வண்டி ஏத்தலன்னா, நீயா திரும்பி வந்திருப்பியா?"