பதிவுகளை அழிக்கவா?

ஐஸ் கம்பெனியின் பின்சுவரில் மாட்டியிருந்த சோலார் இன்வெர்ட்டர் முன்னால் மெக்கானிக் நின்றான். திரையில் ஆறு கட்டங்கள் பாஸ்வேர்டு கேட்டன. கண்ணை மூடிக்கொண்டு அடிக்கக்கூடிய எண்தான். இன்று மூன்றாவது கட்டத்திலேயே தப்பாக அடித்தான்.

வாங்கியவர்கள் தொடக்கூடாத விஷயங்கள் என்று அதற்குள் சில உண்டு. வெளியே லைனில் கரண்ட் நின்றால் இன்வெர்ட்டரும் அந்த நொடியே நின்றுவிட வேண்டும் என்பது அதில் முதலாவது. இல்லாவிட்டால் கூரையிலிருந்து வரும் கரண்ட் கரண்ட் நின்ற கம்பியில் ஏறி, கம்பத்தில் இருப்பவனைப் பிடித்துக்கொள்ளும். அதற்குத்தான் பூட்டு, பயிற்சி பெற்ற இவனைப் போன்றவர்களிடம் மட்டும் சாவி. சாவி வைத்திருந்தவன் கிழித்த கிழிப்பு என்ன? லைன் கொஞ்சம் ஆடினாலே பெட்டி நின்றுபோகிறது என்று ஐஸ் கம்பெனி அம்மா வாரத்துக்கு மூன்று தடவை போன் செய்து உயிரை எடுத்தார். "சும்மா சும்மா நிக்கிறதுக்கா இதை மாட்டினேன்? உங்களால முடியலைன்னா சொல்லிடுங்க, வேற ஆளைப் பாத்துக்கிறேன்." ஒருநாள் மதியம், சாப்பிடக்கூடப் போகாத எரிச்சலில், லைன் நின்றால் பெட்டியையும் நிறுத்தும் அந்தக் காவலை அணைத்துவிட்டான். அப்புறம் போன் வரவில்லை. நான்கு மாதம் நிம்மதியாக இருந்தான், பாவி.

போன செவ்வாய்க்கிழமை அந்தத் தெருக் கம்பத்தில் தனியாக ஏறிய லைன்மேன், இவன் மனைவியின் அண்ணன். உயிர் பிழைத்தது. வலது கை முழங்கையோடு போய்விட்டது. லைனை நிறுத்தும் கைப்பிடிச் சுவிட்சை இறக்காமல் ஏறியிருக்கிறான், தப்பு அவன்மேல்தான் என்று எழுதி அவனை வேலையைவிட்டு அனுப்ப மின்வாரிய ஆபீசில் தயாராகிவிட்டார்கள். இன்வெர்ட்டரில் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து எழுதித் தரச் சொல்லி சோலார் கம்பெனி ஆள் அனுப்பியது. ஊரில் வேறு ஆளே இல்லாததுபோல் இவனை.

பதிவாகியிருந்தது. செவ்வாய், பதினொன்று பத்துக்கு வெளி லைன் நின்றிருக்கிறது. மச்சான் சுவிட்சை இறக்கித்தான் இருக்கிறான். பெட்டிதான் நிற்கவில்லை. அதற்கு மேலே, பழைய தேதியில், காவலை அணைத்தவர் என்ற இடத்தில் இவனுடைய எண். மச்சானைக் காப்பாற்றும் வரியும் இவனைக் கொல்லும் வரியும் ஒரு விரல் இடைவெளியில் இருந்தன.

முதலில் காவலை மறுபடி போட்டான். பிறகு இன்னொரு பொத்தானை அழுத்தினான். பதிவுகளை அழிக்கவா என்று பெட்டி மரியாதையாகக் கேட்டது. வேலையை நினைத்தான், ஜெயிலை நினைத்தான், மனைவியின் முகத்தை நினைத்தான். மச்சானை நினைக்கவில்லை என்று சொல்ல முடியாது. அவனையும் நினைத்துக்கொண்டேதான் அழுத்தினான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் மனைவி அண்ணனுக்கு ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா மாப்ளே? மெஷின்ல ஏதாச்சும் இருந்துச்சா?"

"ஒண்ணும் இல்ல மச்சான்."

மச்சான் வாயிலிருந்ததை விழுங்கினான்.

"இறக்கின மாதிரிதான் இருக்கு. டக்குனு சத்தம்கூட கேட்டுச்சு." கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். "நீங்களே பாத்துட்டு இல்லேன்னு சொல்றீங்க. அப்ப நான்தான் மறந்துட்டேன் போல."

"விடுண்ணா, அதையே நினைக்காதே" என்று அவள் அவன் வாயைத் துடைத்துவிட்டாள்.

கட்டிலில் மச்சான் இடது கையைத் தூக்கி, இல்லாத கைப்பிடி ஒன்றைப் பிடித்து, காற்றில் கீழே இழுத்துப் பார்த்தான். காது கொடுத்துக் கேட்டான். மறுபடியும் இழுத்தான்.