ஓணான் அலமாரி
குவபாரா அம்மாள் வளர்க்கும் மோமோ என்ற ஓணானுக்குக் கண்ணாடிக் கதவு வைத்த கூண்டு ஒன்று செய்தேன். கூடத்தில் வைத்தால் அலமாரி என்றுதான் நினைப்பார்கள். ஹினோகி போன்ற வாசனை மரங்களின் நெடி ஓணானின் மூச்சுக்கு ஆகாது. அதனால் மணமே இல்லாத மரமாகத் தேடிப் பிடித்துச் செய்து, காலையில் அனுப்பிவைத்தேன்.

சாயங்காலம் தம்பி தெட்சுயா சொன்னான்: “அனுப்புறதுக்கு முன்னாடி கூண்டு உள்ள பூரா ஹினோகி எண்ணெய் தேய்ச்சு விட்டேண்ணே.”

“அடப்பாவி! எதுக்குடா?”

“நம்ம பட்டறை சாமான் எதுண்ணே அந்த மணம் இல்லாம போயிருக்கு?”

குவபாரா அம்மாளுக்கு ஃபோன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவழியாக எடுத்தார்.

“அம்மா, உடனே அந்தக் கதவை...”

“நானே கூப்பிடணும்னு இருந்தேங்க! வீடே வெந்நீர் ஊற்று விடுதி மாதிரி மணக்குது. எங்க மோமோவுக்கும் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. மத்தியானத்துலேர்ந்து அசையாம சொக்கிப்போய்க் கிடக்கு.”