துடைத்து வைத்த தோட்டம்

குடிநீர் வாரியத்தில் இருபத்திரண்டு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கித் தண்ணீர் மீட்டர் பார்த்தவளுக்கு மீட்டரம்மா என்றே பேர் நிலைத்துவிட்டது. எந்த வீட்டில் விருந்தாளி டேரா போட்டிருக்கிறார், எந்த வீட்டில் குளிக்கச் சோம்பல் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தானாகச் சொல்ல மாட்டாள். கேட்டால்தான் சொல்வாள். கேட்காமல் இருந்தவர்கள் யார்?

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் சொந்த மீட்டரைப் பார்த்தவளுக்கு வெட்கமாகப் போயிற்று. உள்ளே இருக்கிற மூன்று பேரைவிட வாசல் புல்தரை அதிகம் குடித்துக்கொண்டிருந்தது. மறுவாரமே புல்லைப் பெயர்த்தாள். சரளைக்கல் கொட்டினாள். இடையிடையே கற்றாழை, கள்ளி, ரோஜாப்பூபோல அடுக்கடுக்காகத் தடித்த இலை விடும் நீலச்செடிகள். வாரத்துக்கு இரண்டு வாளி தண்ணீர், அதுவும் காய்கறி கழுவியது.

தெரு சும்மா இருக்குமா? "ரோடு போடப் போறீங்களா?" என்று பக்கத்து வீடு கேட்டது. எதிர்வீட்டுக்காரி கேட்கக்கூட இல்லை. தினமும் வாசலுக்கு வந்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போனாள்.

தெருவைத் தள்ளிவிடலாம். மாடியில் இருக்கும் நாத்தனாரை எங்கே தள்ளுவது? வீடு அக்கா, தம்பி இருவர் பேரிலும் இருக்கிறது. வாசல் பொது. போதாக்குறைக்கு அந்தப் புல்தரை நாத்தனார் கைப்படப் போட்டது. இரண்டு கோடை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவள், ஒரு சாயங்காலம் கீழே இறங்கி வந்தாள்.

"இந்தாம்மா, கல்லு மிதிச்சு மிதிச்சு என் கால் போச்சு. அடுத்த மாசம் எனக்குப் புல்லு வந்தாகணும்."

"பாக்கிறவங்களுக்குப் பிடிச்சிருந்தா விட்டுடுவீங்களா அண்ணி?"

"இதை யாருக்குப் பிடிக்கும்? சரி, ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'எனக்கு ஒரு கன்னு குடுங்க, எங்க வீட்ல வைக்கணும்'னு வாய்விட்டுக் கேக்கட்டும். அப்புறம் நான் வாயே திறக்கல."

நாத்தனார் வாய் திறக்காமல் இருப்பது நடக்கிற காரியமா என்பது வேறு விஷயம். இருவருக்கும் நடுவில் அகப்பட்ட தம்பி, அதாவது மீட்டரம்மாவின் கணவர், பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

மறுநாள் கேட்டில் ஓர் அட்டை தொங்கியது. 'ஞாயிறு பத்து முதல் ஐந்து வரை தோட்டம் பார்க்க வரலாம்.' மற்றவர்கள் வீட்டுப் புல்லெல்லாம் கருகிச் சுருண்டு கிடக்கும் வாரமாகப் பார்த்துத்தான் அவள் நாள் குறித்தாள். கெட்டிக்காரி.

ஞாயிறு காலை எட்டரைக்கு விளக்குமாறோடு வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தோட்டத்து நடுவில் முக்காலி போட்டு நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு வாளி, கையில் ஈரத்துணி. நீலச்செடியின் இலைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, மூக்குக்கண்ணாடி துடைப்பதுபோல் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி! என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியல? நாலு பேர் வர்ற வீடு, செடியெல்லாம் ஒரே தூசி. நீ தோத்துப் போறது உன் பாடு. நம்ம வீட்டை அழுக்குன்னு எவளும் சொல்லக் கூடாது."

"ஐயோ, அது தூசி இல்ல. செடி தானா பூசிக்கிற பவுடர்!"

"செடி பவுடர் பூசுதா? யாருக்குக் காது குத்துற?"

நாற்பது செடிகளில் பதினான்கு பச்சைப் பசேலென்று, விரல் தடத்தோடு பளபளத்தன. துடைத்த இலையில் அந்தப் பூச்சு இனி வராது. புதிய இலைதான் அதைக் கொண்டுவர வேண்டும். மீட்டரம்மாவுக்கு அழுகையே வந்தது. ஆனால் அழவும் நேரமில்லை, பத்து மணிக்கு ஆள் வந்துவிடும்.

வந்தார்கள். தெருக்காரர்கள்தான் முதலில். தோட்டத்தைவிட ஜன்னல் வழியே வீட்டுக்குள் பார்த்தவர்கள்தான் அதிகம். "கல்லு நல்லா இருக்கு" என்றார் ஒருவர். இன்னொருவர், "பராமரிக்க வேண்டியதில்ல, பாருங்க" என்று பாராட்டுவதுபோல் குத்தினார். பன்னிரண்டு மணிக்குள் பதினொரு பேர் வந்து போயிருந்தார்கள். கன்று என்ற பேச்சே இல்லை. மாடி பால்கனியில் நாத்தனார் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சலவைக்கடைக்காரர் மனைவியோடு உள்ளே வந்தார். தொழில் புத்தி, கண் நேரே கறைக்குத்தான் போகும். குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, ரெண்டும் ஒரே செடிதானே? இது நீலமா இருக்கு, இது பச்சையா இருக்கு. பாதி துவைச்சு பாதி விட்ட மாதிரி இருக்கே!"

பால்கனியில் இருந்த தலை சட்டென்று உள்ளே போய்விட்டது. மீட்டரம்மா மேலே ஒரு பார்வை பார்த்தாள். போட்டுக்கொடுக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

"நாங்கதான் துடைச்சு வச்சோம்" என்றாள். "அந்தப் பூச்சு எதுக்குன்னு எல்லாரும் தெரிஞ்சுக்கணும்ல?"

சமையலறைக்கு ஓடி ஒரு ஸ்பூனில் தண்ணீர் கொண்டுவந்தாள். நீல இலையில் ஒரு சொட்டு விட்டாள். அது முத்தாகத் திரண்டு, இலைக்கு இலை தாவி, வேரடியில் போய் விழுந்தது. துடைத்த இலையில் விட்டாள். சொட்டு அசட்டுத்தனமாகப் பரவி, அங்கேயே கிடந்தது.

"இது செடியோட குடை. வெயிலையும் தடுக்கும். கிடைச்ச தண்ணியைச் சிந்தாம வேருக்கும் அனுப்பும்."

"ஸ்பூனைக் குடுங்க, நான் ஒரு தடவை விடறேன்" என்றார் சலவைக்கடைக்காரர். பிறகு அவர் மனைவி. பிறகு வேலியோரம் நின்ற பக்கத்து வீடு. கணவர் பேப்பரைப் போட்டுவிட்டு இருக்கிற ஸ்பூன் அத்தனையும் அள்ளி வந்தார். எதிர்வீட்டுப் பெருமூச்சுக்காரியும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து ஒரு ஸ்பூனைப் பிடுங்கிக்கொண்டாள். தோட்டம் முழுக்கப் பெரிய மனிதர்கள் குந்தி உட்கார்ந்து, ஓடுகிற சொட்டைப் பார்த்துக் கைகொட்டினார்கள்.

சலவைக்கடைக்காரர் எழுந்தார். "கடை வாசல்ல எதை வச்சாலும் வெந்து போகுதும்மா. எனக்கு ஒரு கன்னு குடுங்க, வச்சுப் பாக்கறேன்."

மீட்டரம்மா மேலே பார்த்தாள். பால்கனி காலி.

"கன்னு வேணும்கிறவங்க இப்படி வரிசையா நில்லுங்க!" வாசல் கேட் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. நாத்தனார் முக்காலியோடு கீழே இறங்கி வழியில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். "தண்ணி மட்டும் விடுங்க, இலையில யாரும் கை வைக்கக் கூடாது. தொட்டா போச்சு, திரும்ப வராது!"

பிறந்ததிலிருந்தே இது தெரியும் என்பதுபோல் சொன்னாள். மீட்டரம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு தாய்ச்செடிகளிலிருந்து கன்றுகளைப் பிரித்துக் கொடுத்தாள். கை ஓயவில்லை. நாலு மணிக்குள் இருந்த முப்பத்தொரு கன்றும் தீர்ந்தது. அதன் பிறகு மூச்சிரைக்க வந்த பல் டாக்டர் வெறுங்கையோடு நிற்க வேண்டியதாயிற்று.

"தீந்து போச்சு டாக்டர்" என்றாள் நாத்தனார். "அடுத்த மாசம் முதல் ஞாயிறு வாங்க. முதல் கன்னு உங்களுக்குத்தான்."

"அடுத்த மாசம் புல்லு வருதுன்னு சொன்னியே அக்கா?" என்றார் தம்பி, ஒன்றும் தெரியாதவர்போல்.

"நீ ஸ்பூனை எல்லாம் எண்ணிப் பாருடா" என்றாள் அக்கா. "எதிர்வீட்டுக்காரி ஒண்ணை எடுத்துட்டுப் போயிட்டா."