திருப்பி அனுப்பிய கட்டுரை

அந்தப் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையில் அவருக்கு முன்னால் ஒரு பெண்ணும் வேலை பார்த்ததில்லை. இருபத்தாறு வயதில் சேர்ந்தபோது, உடைந்த நாற்காலிகள் அடுக்கியிருந்த அறையில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தார்கள். பெண்களுக்கான கழிப்பறை எதிரே நூலகத்தில்தான் இருந்தது. மழையானாலும் வெயிலானாலும் குடையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைக் கடந்து போய் வருவார்.

இயற்கணிதத்தில் வளையங்கள் என்று ஒரு பிரிவு உண்டு. அதுதான் அவருடைய உலகம். மாமியார் அக்கம்பக்கத்தில், "மருமக ஏதோ வளையம் செய்யறா, ஆனா கையில போட்டுக்க முடியாதாம்" என்று சொல்லிவைத்திருந்தார். எப்படியோ அது துறைவரைக்கும் எட்டி, வளையக்காரம்மா என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஆரம்ப வருடங்களில் அவர் அனுப்பிய கட்டுரைகள் ஒரு வரி விளக்கமும் இல்லாமல் திரும்பி வந்தன. ஒரு மதிப்பீட்டாளர் மட்டும், இதில் கணவரின் பங்கு எவ்வளவு என்று கேட்டிருந்தார். கணவர் பல் மருத்துவர். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைத் தாண்டாதவர். அந்தக் கடிதத்தை அவர் வருகிறவர்களிடமெல்லாம் காட்டிச் சிரித்தார். வளையக்காரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உழைத்தார். முப்பத்து நாலாவது வயதில் அவர் நிரூபித்த தேற்றம் அவர் பெயரிலேயே பாடப்புத்தகங்களில் ஏறியது. பிறகு பேராசிரியர் பதவி வந்தது. எந்த ஆய்விதழ் அவரைத் திருப்பித் திருப்பி அனுப்பியதோ, அதே இதழ் வளையங்கள் பற்றிய கட்டுரைகளை அவர் பொறுப்பில் விட்டது.

அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே ஒரு பயம்தான். பெண் என்பதால் பெண்ணுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் வாய் திறந்துவிடக் கூடாது.

நாற்பத்தாறாவது வயதில் ஒரு கட்டுரை வந்தது. ஏதோ ஒரு சின்னக் கல்லூரியின் விரிவுரையாளர், பெண். நாற்பத்து மூன்று பக்கம் தட்டச்சு செய்து, குறியீடுகளை மட்டும் நீல மையில் கையால் எழுதியிருந்தாள். பதினேழாம் பக்கத்தில், 'இது எளிதில் விளங்கும்' என்று ஒரு வரி. வளையக்காரம்மாவுக்கு விளங்கவில்லை. இரண்டு நாள் முயன்று பார்த்தார். ஆண்கள் அனுப்பும் கட்டுரையில் இப்படி ஒரு சந்தேகம் வந்தால், இந்த இடத்தை விளக்குங்கள் என்று எழுதிக் கேட்பதுதான் அவர் வழக்கம்.

சாப்பிடும்போது கணவரிடம் சொன்னார். அந்தப் பெண்ணுக்கும் ஒரு கடிதம் போட்டுக் கேட்டால் என்ன என்றார் அவர்.

"என்னை யாரு எழுதிக் கேட்டாங்க?" என்றார் வளையக்காரம்மா.

மறுநாள், 'பதினேழாம் பக்கக் கூற்றுக்கு நிரூபணம் இல்லை. ஏற்பதற்கில்லை' என்று இரண்டே வரி எழுதிக் கட்டுரையைத் திருப்பி அனுப்பினார். ஒரு பிரதி அலுவலக அலமாரிக்குப் போனது.

ஆறு வருடம் கழித்து இரண்டு ஆய்வாளர்கள் வேறொரு வழியில் அதே முடிவை எட்டினார்கள். அது அவர்கள் பெயரால் வழங்கத் தொடங்கியது. வளையக்காரம்மாவும் வகுப்பில் அதைப் புகழ்ந்து நடத்தினார். மூளையின் ஒரு மூலையில் ஏதோ உறுத்தியது, கண்டுகொள்ளாமல் விட்டார்.

ஓய்வு பெறும் வருடம், பிரிவு உரைக்காகப் பழைய குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு சின்னக் கூற்று தேவைப்பட்டது. மூன்று வாரம் மல்லுக்கட்டியபின் நாலு வரியில் நிரூபணம் கிடைத்தது. எழுதி முடித்துப் பார்த்தால், அது அந்தப் பதினேழாம் பக்கக் கூற்று. அலமாரியைத் திறந்து கட்டுரையைத் தேடி எடுத்து, நின்றபடியே கடைசிவரை படித்தார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு வந்த இருவரின் வழியைவிட இது சுருக்கமாகவும் இருந்தது.

விசாரித்ததில், கட்டுரை திரும்பிய மறு வருடமே அந்தப் பெண் கல்லூரி வேலையை விட்டுவிட்டதாகத் தெரிந்தது. இப்போது போக்குவரத்துப் பணிமனையில் பேருந்துகளுக்குக் கால அட்டவணை போடும் பிரிவுக்கு அதிகாரி. வளையக்காரம்மா நேரில் போனார். டீசல் வாடை அடிக்கும் மாடி அறை. சுவர் முழுக்கத் தடங்களின் வரைபடம். ஐம்பதை நெருங்கிய அந்தப் பெண் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள்.

வந்த விஷயத்தை வளையக்காரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். அந்த இடத்துக்கு நிரூபணம் தெரியுமா என்றும் கேட்டார்.

"தெரியும் மேடம். நாலு வரிதான். உங்களுக்குப் போய் இதை விளக்கணுமான்னு விட்டுட்டேன்."

"வேற இதழுக்கு அனுப்பியிருக்கலாமேம்மா."

"நீங்க இருக்கீங்கன்னுதான் அங்க அனுப்பினேன். நீங்களே இல்லைன்னுட்டா அப்புறம் யாருகிட்ட போறது? நமக்கு இது வராதுன்னு நினைச்சுட்டேன்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம் என்று வளையக்காரம்மாவுக்குத் தோன்றியது. இப்போதாவது வெளியிடச் சம்மதிக்கும்படி கேட்டார். அந்தப் பெண், உங்கள் இஷ்டம் என்று ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டாள். பள்ளிக்கூட நேரத்துப் பேருந்துகளில் ஏதோ குளறுபடி என்று ஆள் வந்து நின்றதும், விடைகொடுத்துவிட்டு அங்கே போனாள்.

பிரிவு உரையில் வளையக்காரம்மா தயாரித்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு இதைத்தான் சொன்னார். என் பயத்துக்கு ஒருத்தியைப் பலி கொடுத்தேன் என்றார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. எவ்வளவு பெரிய மனசு என்று துணைவேந்தர் மாலை போட்டார். வீட்டுக்கு வந்ததும் அந்த மாலையைக் கழற்றி வைத்துவிட்டுக் கணவரிடம், "நான் சொன்னது யார் காதிலயும் விழலைங்க" என்றார்.

இதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. அச்சுப்படிகளைத் திருத்தும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். மூலப் பிரதியின் முப்பத்தொன்றாம் பக்கத்தில் கையெழுத்துக் குறியீடு ஒன்று மங்கியிருந்தது. இரண்டு விதமாகவும் படிக்கலாம். இரண்டிலும் கணக்கு சரியாகவே வந்தது. எழுதியவள் மனதில் எது இருந்தது? இந்த முறை கடிதம் போட்டுக் கேட்டார்.

பத்து நாளில் பதில் வந்தது. பணிமனை முத்திரையிட்ட தாளில், அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: 'மேடம், ரெண்டு மூணு தடவை படிச்சுப் பாத்தேன். இப்ப எனக்கு எதுவும் புரியல. நீங்களே பாத்துப் போட்டுக்குங்க.'