காலையில் கலந்த மருந்து

அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அருணாதேவி ரத்தினசாமியைக் கவனித்தாள். அப்பாவின் பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். மாலையைப் போட்டுவிட்டு, மற்றவர்களைப் போலப் பந்தலுக்குப் போகாமல், வாசற்படி ஓரத்தில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுத கண்கள்தான். ஆனால் அந்தப் பார்வை துக்கம் கேட்க வந்தவருடையதாக இல்லை.

அப்பா சங்கரபாண்டியன் காலையில் வழக்கம்போல வெம்பக்கோட்டைப் பக்கம் இருக்கிற கம்பெனியைத் திறந்து வைத்துவிட்டு, நெஞ்சைக் கரிக்கிறது என்று வீடு திரும்பினார். மோர் கேட்டார். அம்மா வீரலட்சுமி கரைத்துக் கொண்டுவருவதற்குள் நாற்காலியிலேயே தலை சாய்ந்துவிட்டது. பெரிய கம்பெனி இல்லை. சின்னச் சின்ன அறைகள், அவர் பெயரில் ஒரு லைசென்ஸ், அதை நம்பிச் சுற்று ஊர்களிலிருந்து வரும் பெண்கள். உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்த ஒரே மகள் அருணாதான் ஆபீஸ் வேலையைப் பார்த்துவந்தாள்.

அவள் எழுந்து அடுப்படிப் பக்கம் போனாள். ரத்தினசாமி பின்னாலேயே வந்தார்.

"பாப்பா, காலையில மருந்து கலந்து வச்சாச்சு. குழாய்ல செலுத்த ஆரம்பிக்கதுக்குள்ள தகவல் வந்திருச்சு. எல்லாரும் அப்படியே போட்டுட்டு ஓடியாந்துட்டோம்."

கலந்த வெடிமருந்தை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும். கிடந்தால் தானாகவே சூடேறும். போன வருசம் சாத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் மீதம் வைத்துவிட்டுப் போன கலவைதான் மறுநாள் அறையைத் தூக்கியது. சன்னல் வழியாகப் பார்த்தாள். மேற்கே மேகம் திரண்டிருந்தது. இலை அசையாத புழுக்கம்.

"அந்த ரூம்ல தகரம் ஒழுகுமே அண்ணே?"

"அதான் நிக்க முடியாம நிக்கேன். ரெண்டு சொட்டு விழுந்தாப் போதும். நான் மட்டும் போயிட்டு வாறேன். நீங்க போன்னு சொன்னாப் போதும்."

அவளால் அதைச் சொல்ல முடியவில்லை. சித்தப்பா சிவபாண்டியைக் கூப்பிட்டாள். அவரும் இந்தத் தொழிலில் இருந்து விட்டவர். கேட்டதும் முகம் மாறிவிட்டது. கேட்டைப் பூட்டிவிட்டு யாரும் அந்தப் பக்கமே போகக் கூடாது என்றார். லைசென்ஸ்காரர் செத்துப்போனார், நாளைக்குச் சூலக்கரைக்குப் போய் கலெக்டர் ஆபீசில் தகவல் சொல்லி, மகள் பேருக்கு எழுதிக் கேட்கிறவரைக்கும் அந்தக் கம்பெனிக்கு ஆளில்லை என்று அர்த்தம். அதற்குள் ஒருத்தன் உள்ளே போய் ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரன் கைவிரித்துவிடுவான், அவன் குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்காது, கேஸ் இவள் மேல்தான் வரும்.

"ரூம்தான போகும்? போகட்டும். ஆள் போகாம இருந்தாச் சரி."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கேட்டுக்குப் பக்கத்து அறையில் வாட்ச்மேன் சுடலை இருந்தான். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் ஓடைக்கரையில் எந்நேரமும் யாராவது ஆடு மேய்ப்பார்கள். அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது?

பந்தலைக் கடந்தபோது சண்முகத்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறவள். அப்பாவைப் பற்றி ஏதேதோ சொல்லி அழுதுவிட்டு, குரலைத் தணித்து, கம்பெனி நடக்குமா என்று கேட்டாள். முந்தின வருசம் ஒரு அறையில் ஆள் கூடுதலாக இருந்ததென்று லைசென்சை நிறுத்திவைத்தபோது, இவள் காதில் கிடந்த கம்மல் அடகுக்குப் போனது அருணாவுக்குத் தெரியும். அப்பா சூலக்கரைக்கு நடையாய் நடந்துதான் அதை மீட்டார். இனி ஒரு அறை வெடித்தால் கேட்டே திறக்காது. பார்ப்போம் என்று மட்டும் சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டாள்.

சங்கு ஊதினார்கள். சித்தப்பா கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தார். பாடை தெருமுனை திரும்பியதும் பெண்கள் குளிக்கப் புறப்பட்டார்கள். அருணா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். ரத்தினசாமி சுடுகாட்டுக்குப் போகாமல் வேப்பமரத்தடியில் காத்திருந்தார்.

"நீங்க எதுக்கு பாப்பா?"

"உங்கள மட்டும் அனுப்புனா, அது நான் அனுப்புனது. கூட வந்தா, ரெண்டு பேரும் போனது. ஏறுங்க."

கம்பெனிக்குக் கொஞ்சம் முன்னாலேயே வண்டியை நிறுத்தினார்கள். செல்போன்களைச் சுடலையிடம் கொடுத்து, ஓடைக்கரையில் இருப்பவர்களைக் கூட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போகச் சொன்னாள். அவன் உடனே ஓடினான். செருப்பைக் கழற்றிவிட்டு இருவரும் நடந்தார்கள். அவள் கட்டியிருப்பது பொறி தட்டாத பருத்திதானா என்று ரத்தினசாமி ஒருமுறை பார்த்துக்கொண்டார். உடம்பில் சேர்ந்த மின்சாரம் இறங்க, அறை வாசலில் பதித்திருந்த செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டு உள்ளே போனவர், மருந்துத் தொட்டியின் வெளிப்புறத்தைப் புறங்கையால் தொட்டார். உடனே எடுத்துக்கொண்டார்.

"சுடுது" என்றார்.

லேசாக ஈரம் பட்டால்தான் ஆபத்து, மூழ்கடித்துவிட்டால் அடங்கிவிடும். வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியிலிருந்து அவள் மொண்டு கொண்டுவந்தாள், அவர் வாங்கி ஊற்றினார். முதல் வாளிக்குச் சீறிக்கொண்டு ஆவி எழுந்தது. ரத்தினசாமி அவளைப் பின்னால் தள்ளினார். இருவரும் மூச்சுவிடாமல் நின்றார்கள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி ஓடி மொண்டாள். தோளில் ஏற்றிய வாளியிலிருந்து தலையிலும் தண்ணீர் தளும்பியது. நடுவில் ரோட்டில் ஜீப் ஒன்று வருகிற சத்தம் கேட்டது. கலெக்டர் ஆபீஸ் ஜீப்பாக இருந்தால் என்ன சொல்வது? அப்பாவை எடுத்த நேரத்தில், லைசென்ஸ் இல்லாத இடத்தில், ஈரப் புடவையோடு மகள். வாளியைக் கீழே வைக்கவும் பயந்து நின்றாள். ஜீப் நிற்காமல் போய்விட்டது.

தொட்டி நிரம்பி, சாம்பல் நிறத் தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிந்தது. ரத்தினசாமி மறுபடி புறங்கையை வைத்தார். இந்த முறை எடுக்கவில்லை. அப்படியே சுவரோரம் குந்தி உட்கார்ந்தார். அருணா வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

"அண்ணாச்சி இருந்தா உங்களக் கூட்டியாந்ததுக்கு என்னைய வஞ்சிருப்பாக" என்றார்.

தகரத்தில் முதல் மழைத்துளிகள் விழுந்தன. சுடலையிடமிருந்து செல்போன்களை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். சித்தப்பாவுக்கு ஒத்தாசையாக இருக்க அவரைச் சுடுகாட்டுப் பாதையில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. வீரலட்சுமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சொட்டச் சொட்ட வந்து நின்ற மகளை, எல்லாரையும் போலக் குளித்துவிட்டுத்தான் வருகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். பக்கத்தில் உட்காரச் சொல்லி, கொண்டையை அவிழ்த்துவிட்டு, துண்டால் துவட்டத் தொடங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் முகம் அவள் தலைக்கருகே தாழ்ந்தது. மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. அப்போதுதான் அருணாவுக்கும் தன் கூந்தலிலிருந்த கந்தக வாடை தெரிந்தது. அப்பா சாயங்காலம் வீட்டுக்குள் வரும்போது வருகிற வாடை.

துண்டு நின்றது. அருணா திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு அம்மா அவள் தலையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து, முன்னிலும் அழுத்தித் துவட்டினாள்.