புகைக்காரியின் கடைவாய்ப் பல்

பல் ஆஸ்பத்திரியில் உதவிக்கு நிற்பவளுக்கு யார் முகமும் மனதில் தங்காது, வாய்தான் தங்கும். அதனால் அன்று மத்தியானம் கன்னம் வீங்கி வந்து நாற்காலியில் சாய்ந்த பெண்ணை அவள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. எச்சில் உறிஞ்சும் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, மனசை எங்கேயோ விட்டுவிட்டு நின்றாள்.

மனசு சாயங்காலக் கச்சேரிக்கு முன்னதாகவே போய் உட்கார்ந்துவிட்டது. அவளும் நாத்தனாரும் ஓர் இசைக்குழுவின் மேல் பைத்தியமாகத் திரிந்தார்கள். ட்ரீம் பாப் என்று அந்தப் பாட்டுக்குப் பெயர். கிடார் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல் ஒலிக்கும். டிரம்ஸ் பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டுவது போல் கேட்கும். அதற்கெல்லாம் மேலே ஒரு பெண்குரல் மிதந்து வரும். அந்தக் குரல் வந்துவிட்டால் இவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அடுப்பில் பால் பொங்கி வழியும். மேடை முழுக்கப் புகையும் நீல வெளிச்சமும் என்பதால் பாடுகிறவளின் முகத்தை யாரும் முழுதாகப் பார்த்ததில்லை. அண்ணியும் நாத்தனாரும் அவளுக்கு வைத்த பெயர் புகைக்காரி.

"ஒரு வரியாவது புரியுதா உங்களுக்கு?" என்று வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

"புரியறதுக்கா பாட்டு கேக்கறோம்?" என்று நாத்தனார் அண்ணனின் வாயை அடைத்துவிடுவாள்.

குழு இந்த ஊருக்கு வருவது இதுதான் முதல் தடவை. டிக்கெட் கைப்பையில் பத்திரமாக இருந்தது. பத்திரமாக இருக்கிறதா என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

டாக்டரம்மா கடைவாய்ப் பல்லைக் கம்பியால் மெல்லத் தட்டினார். அந்தப் பெண் கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தொண்டைக்குள் முனகினாள். முனகல் கீழே இறங்கி, கொஞ்சம் தயங்கி, நழுவிக்கொண்டு மேலே ஏறியது.

இவள் சட்டென்று நிமிர்ந்தாள். அந்த ஏற்றம் அவளுக்குத் தெரியும். பாத்திரம் தேய்க்கும்போதும் துணி மடிக்கும்போதும் கேட்டுக் கேட்டு ஊறிப்போன ஏற்றம். கையிலிருந்த குழாய் தடுமாறிப் போய் நோயாளியின் மூக்கை உறிஞ்சியது.

"என்னம்மா, தூக்கமா?" என்றார் டாக்டரம்மா.

"இல்ல டாக்டர்."

தூக்கமாவது. புகைக்காரியின் வாயைத் தன் கையால் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தலைகால் புரியவில்லை அவளுக்கு.

"வேர்ல சீழ் கட்டியிருக்கு," என்றார் டாக்டரம்மா. "ஊசி போட்டுப் பல்லைத் திறந்துவிட்டா இப்பவே வலி போயிடும். விட்டா வீக்கம் இன்னும் ஏறும்."

"உதடு மரத்துப்போயிடுமே. சாயங்காலம் நான் பாடணும்," என்றாள் புகைக்காரி. "மாத்திரை குடுங்க, நாளைக்கு வர்றேன். இல்லேன்னா கச்சேரியையே நிறுத்தணும்."

"யோசிச்சுச் சொல்லுங்க," என்று டாக்டரம்மா பக்கத்து அறைக்குப் போனார்.

புகைக்காரி இவள் பக்கம் திரும்பினாள். "நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

மாத்திரை போதும் என்று சொன்னால் கச்சேரி நிச்சயம். சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் மாத்திரையை நம்பிப் போய், மறுநாள் வாயையே திறக்க முடியாமல் வந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள்.

"ஊசி போட்டுக்கோங்க," என்றாள். சொல்லும்போதே அழுகை முட்டியது. "ஆனா கச்சேரியை நிறுத்தாதீங்க. உங்க பாட்டு எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரு வார்த்தைகூட என்னன்னு எனக்கு நிச்சயமாத் தெரியாது. யாருக்குமே தெரியாதுங்க. பாதி உதடு இல்லேன்னா யார் கண்டுபிடிக்கப் போறாங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. குழாயோடு சேர்ந்து சுவருக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"அந்த வரியை எல்லாம் நான் மாசக்கணக்கா உக்காந்து எழுதறேன்," என்றாள் புகைக்காரி.

"மன்னிச்சுக்கோங்க."

புகைக்காரி கன்னத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வலியிலும் சிரித்தாள். "ஊசி போடச் சொல்லுங்க. இங்க வந்தது மட்டும் யாருக்கும் தெரிய வேண்டாம்."

"இங்கேர்ந்து எதுவும் வெளியே போகாது," என்றாள்.

சாயங்காலம் அரங்கத்தில் அவள் நாத்தனாரின் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். பாட்டு சொதப்பினால் பாவம் தன் தலையில்தான். புகை கிளம்பியது, நீல வெளிச்சம் விழுந்தது, கிடார் முழங்கியது. குரல் வந்தது. உதடு ஒட்ட வேண்டிய இடத்தில் எல்லாம் ஒட்டாமல் வழுக்கியது. அது இவள் ஒருத்திக்குத்தான் கேட்டது. பிறகு அந்தக் குரல் இறங்கி, தயங்கி, நழுவி மேலே ஏறியது. கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. இவளும் தொண்டை கிழியக் கத்தினாள். மூக்கும் கண்ணும் ஒழுகுவதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

வெளியே வரும்போது நாத்தனாருக்குக் கால் தரையில் பாவவில்லை. "அண்ணி, கவனிச்சீங்களா? இன்னிக்குத்தான் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக் கேட்டுது."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொல்லவும் முடியாது, அடக்கவும் முடியாது.

"அண்ணி, அவங்களே நம்ம முன்னாடி வந்து உக்காந்தா என்ன பேசுவீங்க?"

"நான் எங்க பேசறது? வாயைத் திறங்கன்னு சொல்லுவேன்."

"உங்களுக்கு எங்க போனாலும் பல்லு நெனப்புதான்," என்று நாத்தனார் அலுத்துக்கொண்டாள்.